எல்லாவற்றுக்கும் ஒரே துளை

போன வருஷம் மே மாதம், ஓர் இரவு பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. சென்னையில் மே மாதம் கரண்ட் போவது செய்தியே இல்லை. நான் மேசையில் உட்கார்ந்து, பழைய கேமராவின் மெமரி கார்டில் இருந்த வீடியோக்களை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். காப்பி இல்லை, கட்-பேஸ்ட். பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் சம்பாதிக்கிறவன் செய்யக்கூடாத வேலை. ஆனாலும் செய்துகொண்டிருந்தேன்.

ஃபேன் நின்றது. தெருவில் நாய் குரைத்தது. லேப்டாப் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. 'பேட்டரி இருக்கு, நமக்கென்ன' என்று நினைத்து முடிப்பதற்குள் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது: டிஸ்க் முறையாகக் கழற்றப்படவில்லை. நான் எதையும் கழற்றவில்லை. கை மேசை மேல்தான் இருந்தது.

மூன்று நாள் போராடி, மீட்பு மென்பொருளை வைத்துப் பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுத்துவிட்டேன். ஆறு வீடியோக்கள் கிடைக்கவில்லை. அதில் ஒன்று, ஊரில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த வண்டிச் சக்கரத்தைத் தடவித் தடவி, ஒவ்வொரு பாகத்துக்கும் தாத்தா பெயர் சொல்லும் வீடியோ. வட்டை, ஆரக்கால், குடம், கடையாணி. தாத்தா இப்போது இல்லை. அவர் குரல் இருந்த நீளமான பதிவு அது ஒன்றுதான்.

கார்டும் டிஸ்கும் சார்ஜரும் மானிட்டரும் ஒரே ஒரு யூஎஸ்பி-சி ஹப் வழியாக லேப்டாப்பில் சேர்ந்திருந்தன. ரிச்சி தெருவில் வாங்கியது. பெட்டியில் 'ஏழுக்கு ஒன்று' என்று பெரிதாகப் போட்டிருந்தது. நல்ல ஹப் எது என்று அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். தேடியது விமர்சனங்களையும் நட்சத்திரங்களையும்தான். போய் நின்ற இடம் ஒரு வரலாறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஹப் வாங்குவது, ஜாதகம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, பெயரைக்கூடக் கேட்காமல் பெண் கொடுப்பது மாதிரி.

*

தொண்ணூறுகளின் கம்ப்யூட்டரைப் பின்பக்கமாகப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கீபோர்டுக்கு ஒரு வட்டத் துளை, மவுஸுக்கு அதே மாதிரி இன்னொரு வட்டத் துளை. பிரிண்டருக்கு இருபத்தைந்து ஊசிகள் கொண்ட நீண்ட பல்வரிசை. மோடத்துக்குச் சீரியல் போர்ட், ஜாய்ஸ்டிக்குக்குத் தனி. சிலவற்றைச் செருகினால் போதாது, இரண்டு பக்கமும் திருகு முடுக்க வேண்டும். புதிதாக எதையாவது செருகினால் மெஷினை நிறுத்தி மறுபடி போட வேண்டும். அப்போதும் ஒரு கார்டு இன்னொரு கார்டோடு சண்டை போடும். எங்கள் பள்ளி லேபில் கேபிள் கழன்றால் நாங்கள் தொடக்கூடாது. சார் வந்துதான் மாட்டுவார்.

அஜய் பட் குஜராத்தின் வதோதராவில் பொறியியல் படித்து அமெரிக்கா போனவர். 1990இல் இன்டெல்லில் சேர்ந்தார். வீட்டில் ஒரு பிரிண்டரை இணைப்பதற்குள் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுவரில் ப்ளக் செருகுகிற மாதிரி கம்ப்யூட்டரிலும் செருக முடிய வேண்டும், செருகுகிறவருக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. இதுதான் அவர் கேட்டது. மேலே இருந்தவர்கள் உடனே தலையாட்டவில்லை. கடைசியில் இன்டெல்லோடு மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பாக், டிஈசி, என்ஈசி, நார்டெல் என்று ஏழு நிறுவனங்கள் கூடி, 1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வெளியானது. விநாடிக்கு 12 மெகாபிட் வேகம். கீபோர்டு, மவுஸுக்கு 1.5 மெகாபிட்.

அன்று எடுத்த முடிவுகளில் இரண்டு இன்றைக்கும் என் மேசை வரை வருகின்றன.

முதலாவது, ராயல்டி கிடையாது. இன்டெல் இதைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் விதிகளைப் படித்துப் பொருள் செய்யலாம். யூஎஸ்பி ஜெயித்ததற்கு இது பெரிய காரணம். அதே சமயத்தில் வந்த ஃபயர்வயர் அதைவிட வேகமானது. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டியிருந்தது, செலவும் அதிகம். மெல்ல மெல்லக் காணாமல் போனது.

இரண்டாவது, வடிவம். பழைய யூஎஸ்பி கேபிளில் ஒரு முனை தட்டையாக இருக்கும், அது ஏ. மறுமுனை கிட்டத்தட்டச் சதுரம், அது பி. ஏ கம்ப்யூட்டர் பக்கம், பி கருவிப் பக்கம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் என்ன என்று சின்ன வயசில் எரிச்சல்பட்டிருக்கிறேன். காரணத்தோடுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். யூஎஸ்பி என்பது ஒரு மரம். வேரில் கம்ப்யூட்டர், கிளை பிரியும் இடங்களில் ஹப், நுனியில் கருவிகள். ஒரு மரத்தில் அதிகபட்சம் 127 கருவிகள். வேருக்கும் நுனிக்கும் நடுவே ஐந்து ஹப் வரை வரலாம். கிளை சுற்றிவந்து வேரிலேயே செருகப்படக்கூடாது, இரண்டு கம்ப்யூட்டர்களை நேராகக் கோர்க்கக்கூடாது. கேபிளின் முனை வடிவமே அதைத் தடுத்துவிட்டது. தப்பாகச் செருக முடியாது என்பதால் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

செருகும்போது எப்போதும் முதல் தடவை தலைகீழாகத்தான் போகும் என்ற உலகளாவிய புகாருக்கும் பட் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் போகிற மாதிரி செய்தால் கம்பியும் சர்க்யூட்டும் கூடும், விலை ஏறும். விலை ஏறினால் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

*

ஹப் என்ற ஆங்கிலச் சொல் முதலில் சக்கரத்தின் நடுக்கட்டையைக் குறித்தது. தாத்தா 'குடம்' என்றது அதைத்தான். எல்லா ஆரக்கால்களும் வந்து இறங்கும் இடம். கம்ப்யூட்டர்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்தது பொருத்தம்தான். யூஎஸ்பி உலகில் ஹப் என்பது பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட துணைக்கருவி இல்லை, முதல் நாளிலிருந்தே திட்டத்தின் நடுவில் இருந்தது.

ஆனால் சந்தை மெதுவாகத்தான் நகர்ந்தது. 1998 ஏப்ரலில் விண்டோஸ் 98ஐ மேடையில் காட்டும்போது, பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, யூஎஸ்பி ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது, கேட்ஸும் சிரித்துச் சமாளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிளின் ஐமேக் வந்தது. ஃப்ளாப்பி டிரைவ் இல்லை, பழைய துளைகள் இல்லை, யூஎஸ்பி மட்டும். வேறு வழி இல்லாததால் பிரிண்டர்காரர்களும் ஸ்கேனர்காரர்களும் யூஎஸ்பிக்கு வந்தார்கள்.

அந்த ஐமேக்கின் கீபோர்டே ஒரு ஹப். அதில் இரண்டு துளைகள் இருந்தன. மவுஸைச் செருகலாம், வேலை செய்யும். ஆனால் கொஞ்சம் கரண்ட் கூடுதலாகக் கேட்கிற எதையும் செருகினால் தடுமாறும். கணக்கு எளிது. அன்றைய யூஎஸ்பி துளை ஒன்று தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். ஹப் தன் வயிற்றுக்கு 100 எடுத்துக்கொண்டால் மீதி 400. நான்கு துளைகளுக்குத் தலா 100. தனி அடாப்டர் இல்லாத ஹப், அப்பாவின் ஒரே சம்பளத்தை நான்கு பிள்ளைகளுக்குப் பிரிக்கிற வீடு. மவுஸ் பிழைத்துக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க் பட்டினி.

2000 ஏப்ரலில் யூஎஸ்பி 2.0 வந்து வேகத்தை 480 மெகாபிட் ஆக்கியது. 2008 நவம்பரில் வந்த 3.0, அதை 5 கிகாபிட் ஆக்கி, கரண்டையும் 900 மில்லிஆம்பியருக்கு உயர்த்தியது. துளைக்குள் நீல பிளாஸ்டிக் இருந்தால் 3.0 என்று பழகிக்கொண்டோம். அதாவது, வடிவமும் நிறமும் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருந்தன.

3.0 ஒரு விசித்திரமான தொல்லையையும் கொண்டுவந்தது. அந்த வேகத்தில் கம்பிக்குள் ஓடும் சிக்னலின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலும் கசிகிறது. வயர்லெஸ் மவுஸும் ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் பேசும் அலைவரிசை அதுதான். 2012இல் இன்டெல்லே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஹப்பில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது பக்கத்துத் துளையில் இருக்கும் மவுஸ் டாங்கிள் திக்குவதற்கு இதுதான் காரணம். நான் இரண்டு மவுஸைத் தூக்கிப்போட்டிருக்கிறேன். பாவம், அவற்றின் மேல் தப்பே இல்லை.

*

2014 ஆகஸ்டில் யூஎஸ்பி-சி வடிவத்தின் விதிகள் முடிவாயின. 24 தொடர்புகள். எந்தப் பக்கம் திருப்பினாலும் போகும், கேபிளின் எந்த முனையை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். இருபது வருஷப் புகார் தீர்ந்தது.

வடிவம் அதோடு பேசுவதை நிறுத்திவிட்டது. ஏ, பி என்ற வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்த 'யார் தலைமை, யார் கருவி' என்ற சேதி இப்போது முனையில் இல்லை. கரண்ட் எந்தத் திசையில் போகும் என்பதும் இல்லை. போன் லேப்டாப்பிடமிருந்து வாங்கலாம், மானிட்டர் லேப்டாப்புக்குக் கொடுக்கலாம். இதையெல்லாம் செருகியவுடன் இரண்டு கருவிகளும் தனியே ஒரு கம்பியில் பேசி முடிவு செய்துகொள்கின்றன. யார் கொடுப்பது, எத்தனை வோல்ட், படம் போகுமா, எவ்வளவு வேகம். முன்பு பிளாஸ்டிக்கும் தகரமும் செய்த வேலையை இப்போது ஒரு சின்ன சிப்பும் அதற்குள் யாரோ எழுதிய நிரலும் செய்கின்றன. நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தகரத்தை நம்பலாம்.

2015இல் வந்த ஆப்பிளின் 12 அங்குல மேக்புக்கில் ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளை, ஹெட்போனுக்கு இன்னொன்று, அவ்வளவுதான். சார்ஜ் ஏற்றும்போது பென்டிரைவ் செருக முடியாது. இன்று நாம் வாங்கும் 'ஏழுக்கு ஒன்று' ஹப்களின் சந்தை பெருகியது அதற்குப் பின்தான்.

அதே ஆண்டு கடைசியில் பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளர் ஒரு காரியம் செய்தார். இணையத்தில் விற்கும் யூஎஸ்பி-சி கேபிள்களைத் தன் காசில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, விற்பனைப் பக்கத்திலேயே விமர்சனம் எழுதினார். பல கேபிள்களில் 56 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோஓம் இருந்தது. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் அந்த ரெசிஸ்டர் ஒரு வாக்குமூலம். '10' என்று சொன்னால், மறுமுனையில் இருக்கும் பழைய துளை மூன்று ஆம்பியர் தரும் என்று போன் நம்பி உறிஞ்ச ஆரம்பிக்கும். துளை கருகலாம். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளைச் செருகியபோது அவருடைய லேப்டாப்பே பழுதானது, கூட இருந்த சோதனைக் கருவிகளும் போயின. உள்ளே கரண்ட் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் இடம் மாறிச் சாலிடர் ஆகியிருந்தன. மறுமாதமே, விதிக்கு உட்படாத யூஎஸ்பி-சி கேபிள்களை விற்கக்கூடாது என்று அமேசான் அறிவித்தது.

இவ்வளவு பெரிய சந்தையில் காவல்காரனாக இருந்தது ஒரு தனிமனிதர். ராயல்டி வேண்டாம் என்ற அந்த முதல் முடிவின் மறுபக்கம் இது. யூஎஸ்பி அமைப்பின் முத்திரையைப் பெட்டியில் போடத்தான் சான்றிதழ் வேண்டும். துளையை வைத்துச் சந்தையில் விற்க யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் மலிவாக ஹப் கிடைப்பதும், அந்த ஹப்பை நம்ப முடியாமல் போவதும் ஒரே கதவின் வழியாகத்தான் வந்தன. அந்தக் கதவை மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. மூடியிருந்தால் நான் படித்த காலேஜ் லேபில் பாதிப் பொருள் இருந்திருக்காது.

பெயர்களும் கைவிட்டன. 2008இல் 3.0 என்று பிறந்த அதே 5 கிகாபிட், பின்னர் '3.1 ஜென் 1' ஆனது, அதற்கும் பின்னர் '3.2 ஜென் 1'. பெட்டியில் 3.2 என்று பார்த்துப் புதுசு என்று வாங்குகிறவர், பழைய வேகத்தைத்தான் வாங்குகிறார். 2022இல்தான் இந்தப் பெயர்களை விட்டுவிட்டு வேகத்தையே எழுதச் சொன்னது அந்த அமைப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் யூஎஸ்பி-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. துளை ஒன்றாகிவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் வேலை திரும்ப நம் தலையில் விழுந்துவிட்டது. எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்றுதான் பட் ஆரம்பித்தார்.

*

இனி அந்த மே மாத இரவு.

என் சார்ஜர் ஹப்பில் செருகியிருந்தது. ஹப் அதிலிருந்து தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை லேப்டாப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்கும் கார்டும் ஓடியது சுவரிலிருந்து வந்த கரண்டில். லேப்டாப் அப்போது வாங்குகிற இடத்தில் இருந்தது. கரண்ட் போன கணத்தில் எல்லாம் தலைகீழாக வேண்டும். லேப்டாப் கொடுக்கிற இடத்துக்கு வர வேண்டும், ஹப் வாங்குகிற இடத்துக்குப் போக வேண்டும். இந்தக் கைமாற்றத்துக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் ஹார்ட் டிஸ்குக்கு அது மரணம். மின்னழுத்தம் விழுந்தது, டிஸ்க் எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டது. அது எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தது, அந்த முறையில் பாதியில் நின்ற வேலைக்கு நாட்குறிப்பு கிடையாது. கட்-பேஸ்ட் என்பதால் கார்டிலும் அழிந்திருந்தது.

இந்த இடைவெளியை மூடவே மின்வழங்கல் விதிகளின் பிற்காலப் பதிப்பில் 'வேகக் கைமாற்றம்' என்று ஒரு வசதி சேர்த்தார்கள். ஹப்பும் லேப்டாப்பும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். என் ஹப்பின் பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன். படித்திருந்தாலும் புரிந்திருக்காது.

ஆக, என்னை மாதிரி மேசை உள்ளவர்களுக்கு, நான் இப்போது பார்ப்பவை.

பவர் முதலில். 100 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தால், ஹப் தனக்கென்று எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று சிறிய எழுத்தில் தேடுவேன். 15 வாட் பிடித்து 85 கொடுக்கிற ஹப்கள் உண்டு, அதில் தப்பில்லை. சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

அடுத்து, படம். யூஎஸ்பி-சியில் அதிவேகப் பாதைகள் நான்குதான். மானிட்டருக்கு இரண்டைக் கொடுத்தால் டேட்டாவுக்கு இரண்டு மிஞ்சும். நான்கையும் மானிட்டருக்கே கொடுத்துவிட்டால் டேட்டா பழைய 480 மெகாபிட்டுக்கு விழும். 4கே படம் 60 ஹெர்ட்ஸில் வேண்டும், கூடவே வேகமான டேட்டாவும் வேண்டும் என்றால், லேப்டாப்பும் ஹப்பும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 பேச வேண்டும். இல்லையென்றால் 30 ஹெர்ட்ஸ்தான். மவுஸ் அம்பு தேன் குடத்தில் விழுந்த ஈ மாதிரி நகரும். ஹப்பைத் திட்டுவதற்கு முன் லேப்டாப்பின் துளை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துளைகளில் ஒன்று படம் தரும், மற்றது தராது.

பிறகு, டேட்டா. ஹப்பில் எத்தனை துளை இருந்தாலும் மேலே போகும் வாசல் ஒன்று. டிஸ்க், கார்டு, நெட்வொர்க் எல்லாம் அந்த 5 அல்லது 10 கிகாபிட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

கடைசியாக, கேபிள். ஹப்போடு ஒட்டிய கேபிள் வளைந்து வளைந்து கழுத்தில் அறுந்தால் ஹப்பையே தூக்கிப்போட வேண்டும். கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. வயர்லெஸ் டாங்கிளை ஹப்பில் செருகாமல் லேப்டாப்பின் மறுபக்கத்தில் செருகிவிடுகிறேன்.

இத்தனையும் பார்த்துப் புதிய ஹப் ஒன்று வாங்கினேன். வந்த அன்றே, பழைய படங்களின் நகலை ஒரு டிஸ்கில் போட்டு, காப்பி ஓடும்போது சுவரில் சார்ஜர் ஸ்விட்சை நிறுத்தினேன். போட்டேன். நிறுத்தினேன். இருபது தடவை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும், வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை இதுதான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

அப்பா அறை வாசலில் நின்று பார்த்தார்.

"எதுக்குடா ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற? ஃபியூஸ் போயிடப்போவுது."

சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்தது.

"அப்ப சார்ஜரைத் தனியா லேப்டாப்லயே குத்திட வேண்டியதுதானே? அதுல இன்னொரு ஓட்டை இருக்கே."

இருக்கிறது. இருபது தடவையில் பத்தொன்பது தடவை டிஸ்க் தாக்குப்பிடித்தது, ஒரு தடவை விழுந்தது. அன்றிலிருந்து சார்ஜர் நேராக லேப்டாப்பின் இரண்டாவது துளையில். ஹப்பில் மானிட்டர், கீபோர்டு, எப்போதாவது கார்டு. முக்கியமான டிஸ்க் எதுவும் ஹப் வழியாகப் போவதில்லை. கட்-பேஸ்ட்டை விட்டாயிற்று. புது ஹப் நல்ல ஹப்தான். நல்ல ஹப்பிடமும் குறைவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது.

தாத்தாவின் வீடியோ வரவில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது அந்தச் சக்கரம் இன்னும் கொட்டகையில் இருந்தது. இரும்புப் பட்டா துருப்பிடித்திருந்தது, இரண்டு ஆரக்கால் இல்லை. குடம் மட்டும் முழுசாக இருந்தது. அப்பாவை நிற்கவைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லச் சொல்லி எடுத்தேன். இரண்டு பெயர் அவருக்கு மறந்துவிட்டது. அன்று ராத்திரியே மூன்று இடத்தில் காப்பி போட்டேன்.